புது வீட்டுக்குத் தோட்டம்: பேவர் பிளாக் போடும் முன் செய்ய வேண்டியவை

வீடு கட்டி முடிக்கிற நேரத்தில் காசும் பொறுமையும் சேர்ந்தே தீர்ந்திருக்கும். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று. வருகிறவர்கள் சேற்றுக் காலோடு புது டைல்ஸில் ஏறக்கூடாதே என்று கடைசி வாரத்தில் அவசர அவசரமாகச் சுற்றிலும் பேவர் பிளாக்கோ சிமெண்ட் தளமோ போட்டுவிடுகிறோம். காம்பவுண்ட் ஓரமாக ஓரடி மண் விட்டு, நர்சரியிலிருந்து நாலு குரோட்டன்ஸ், இரண்டு பாம் வாங்கி வைத்தால் தோட்டம் முடிந்தது. ஐப்பசி மழை வந்த பிறகுதான், தண்ணீர் கேட்டுப் பக்கம் போகாமல் வாசற்படிப் பக்கம் வருவது தெரிகிறது. அதற்குள் மேஸ்திரி வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பார்.

புதிதாக வீடு கட்டியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, ‘என்ன மரம் வைக்கலாம்?’ என்பதுதான். அது நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வர வேண்டிய கேள்வி. முதலில் தண்ணீர், பிறகு மண்ணுக்கடியில் போகும் குழாய், அப்புறம் மண், அதற்குப் பின் நடைபாதைக்கு இடம் குறிப்பது, கடைசியில்தான் மரமும் செடியும். இந்த வரிசை மாறினால் போட்டதை உடைத்துத் திரும்பப் போட வேண்டிவரும்.

பேச வசதியாக ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். கிழக்குப் பார்த்த மனை, தெருவோரம் 40 அடி, ஆழம் 60 அடி. மொத்தம் 2,400 சதுர அடி, அதாவது ஒரு கிரவுண்டு, ஐந்தரை சென்ட். முன்னால் 15 அடி, பின்னால் 10 அடி, வடக்கே 6 அடி, தெற்கே 4 அடி விட்டுக் கட்டினால் வீடு 1,050 சதுர அடி. சுற்றிலும் 1,350 சதுர அடி மிச்சம். வீட்டைவிட வெளி அதிகம். இந்தக் கணக்கைச் சொன்னால் வீட்டுக்காரர்களே ஆச்சரியப்படுகிறார்கள்.

தாளில் மனையை வரையுங்கள்

கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும். ஒரு கட்டத்துக்கு இரண்டு அடி என்று வைத்து மனை, வீடு, கேட், போர்டிகோ, படிக்கட்டு எல்லாவற்றையும் வரையுங்கள். பிறகு கண்ணுக்குத் தெரியாதவற்றைக் குறிக்க வேண்டும்: சம்பு, செப்டிக் டேங்க், போர்வெல், கழிவுநீர் சேம்பர்கள், அவற்றை இணைக்கும் குழாய்கள், மீட்டருக்கு வரும் மின் கேபிள். பிளம்பர் பள்ளத்தை மூடுவதற்கு முன்பே, பக்கத்தில் ஓர் அளவு டேப்பை விரித்து வைத்து ஒவ்வொரு இடத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளிக் குழாய் போகிறது என்பது அந்தப் போட்டோவில் இருந்தால் போதும். பத்து வருடம் கழித்துக் கடப்பாரை பிடிக்கிறவர் உங்களை வாழ்த்துவார்.

போர்வெல் இருக்கும் இடத்துக்கு மேலே வானம் திறந்திருக்க வேண்டும். மோட்டார் ரிப்பேர் என்றால் குழாயை நீளம் நீளமாக மேலே தூக்கித்தான் கழற்றுவார்கள். அங்கே மரக்கிளை இருந்தால் முதல் வேலை மரத்தை வெட்டுவதாகத்தான் இருக்கும். செப்டிக் டேங்கின் மூடிக்குத் தெருவிலிருந்து லாரியின் குழாய் வந்து சேர வழி வேண்டும். மூடியின் மேல் அழகுக்கு மண் கொட்டிப் புல் வளர்த்தவர்கள், டேங்க் நிரம்பிய அன்று வாசம் அடிக்கிற தோட்டத்தில் மூடியைத் தேடுவார்கள்.

வாஸ்து பார்க்கிறவர்கள் ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில், சம்பும் போரும் வைத்திருப்பார்கள். அங்கே பெரிய மரம் கூடாது என்றும் சொல்வார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் சம்புச் சுவருக்குப் பக்கத்தில் மரம் வைக்கக்கூடாது என்பதில் வாஸ்துக்காரரும் பிளம்பரும் ஒரே கட்சி. மேற்கிலும் தென்மேற்கிலும் மரம் இருக்கட்டும் என்பதும் அப்படித்தான். நம் ஊரில் மதியம் இரண்டு மணிக்கு மேல் மேற்குச் சுவர் வாங்கும் வெயில் ராத்திரி பத்து மணி வரை படுக்கையறைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும்.

வெயிலையும் அதே தாளில் குறியுங்கள். தெற்குப் பக்கம்தான் எப்போதும் வெயில் என்று நினைப்பது தமிழ்நாட்டுக்கு முழுசாகப் பொருந்தாது. சென்னை அட்சரேகையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வெயில் லேசாக வடக்கே சாய்ந்துதான் இருக்கும். மார்கழியில் நேர்மாறு. தரையிலிருந்து மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் வரை 15 அடி உயரம் என்றால், டிசம்பர் மாத நடுப்பகலில் அதன் நிழல் வடக்கே ஏறக்குறைய 11 அடிக்கு விழும். நம் மனையில் வடக்கே இருப்பது 6 அடிதான். ஆக, அந்தச் சந்து குளிர்காலம் முழுக்க நிழல். அங்கே ரோஜா வைத்துவிட்டுப் பூக்கவில்லை என்று உரத்தைக் கொட்டிப் பிரயோஜனமில்லை.

தண்ணீர் எங்கே ஓடுகிறது

மண் மட்டம் வீட்டின் பேஸ்மட்டத்தைவிட குறைந்தது அரை அடியாவது கீழே இருக்க வேண்டும். தோட்டத்துக்கென்று செம்மண் கொட்டும்போது இதை மறந்துவிடுகிறோம். லோடு லோடாக மண் இறங்கி, மட்டம் ஏறி, கடைசியில் சுவரின் பூச்சு மண்ணைத் தொடும். அடுத்த மழைக்கு உள்பக்கப் பெயிண்ட் கொப்பளிக்கும்.

வீட்டை ஒட்டி இரண்டிலிருந்து மூன்று அடி அகலத்துக்குச் சிமெண்ட் கட்டு ஒன்று போடுவது நல்லது. அது சுவரிலிருந்து வெளியே சரிய வேண்டும். கொத்தனார்கள் ‘வாட்டம்’ என்பார்களே, அதுதான். பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் இருந்தால் தண்ணீர் நிற்காது. கண்மட்டத்துக்குப் பார்த்துச் சரி என்று சொல்லவேண்டாம். டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு நீங்களே ஒரு வாளித் தண்ணீரை மூலையில் ஊற்றிப் பாருங்கள். அது போகிற வழியைப் பார்த்தால் வேறு விளக்கம் வேண்டாம்.

கரிசல் மண் உள்ள ஊர்களில், கோயம்புத்தூர், விருதுநகர், தூத்துக்குடிப் பக்கங்களில், இது இன்னும் முக்கியம். கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அஸ்திவாரத்தை ஒட்டி ஒரு பக்கம் தினமும் தண்ணீர் விட்டு மறுபக்கம் காயவிட்டால் சுவரில் விரிசல் வர அதுவே போதும். ஆகவே கரிசலில் தினம் தண்ணீர் கேட்கும் பாத்தி எதுவும் சுவரை ஒட்டி வேண்டாம்.

அடுத்தது மொட்டைமாடித் தண்ணீர். 1,050 சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் கிட்டத்தட்ட 975 லிட்டர். வடகிழக்குப் பருவமழையில் ஒரே ராத்திரியில் 5 சென்டிமீட்டர் பெய்வது அதிசயமில்லை. அன்று உங்கள் மாடியிலிருந்து ஐந்தாயிரம் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கீழே வரும். அதாவது ஒரு சின்ன டேங்கர் லாரி. நான்கு குழாய்கள் வழியாக நான்கு மூலைகளில் அது விழும்போது, புதிதாகப் போட்ட பாத்தி மண் கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போய்விடும்.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-லிருந்து எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். பலர் அனுமதிக்காக ஒரு பிளாஸ்டிக் குழாயை மண்ணில் செருகிவிட்டு அதைச் சேகரிப்பு என்கிறார்கள். உருப்படியாகச் செய்ய இரண்டு வழி. மாடியின் சுத்தமான தண்ணீரை வடிகட்டி வழியாகச் சம்புக்கு விடுவது ஒன்று. முதல் மழையின் அழுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட ஒரு வால்வு வேண்டும். மிச்சத்தையும் தரையில் ஓடிவரும் தண்ணீரையும் மூன்றடி அகல உறைகள் இறக்கிய உறைக்கிணற்றுக்குள் விடுவது இன்னொன்று. உறைக்கிணறு கேட்டுக்குப் பக்கத்தில், மனையின் தாழ்ந்த மூலையில், வீட்டிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி இருக்கட்டும். முன்னால் ஒரு சின்ன வண்டல் தொட்டி கட்டி, புரட்டாசியில் ஒருமுறை அதை வாரிவிடுங்கள். வாராவிட்டால் இரண்டே வருடத்தில் கிணறு மண்ணடைத்துப் போகும்.

குளியல், துணி துவைக்கும் தண்ணீரைத் தோட்டத்துக்கு விடுவது நல்ல பழக்கம்தான். கல்வாழை இருக்கும் பள்ளத்துக்கு முதலில் விட்டு, அங்கிருந்து வாழைக்குப் போகவிடுங்கள். ஒரே இடத்தில் தேங்கினால் கொசு. அதனால் ஜல்லி நிரப்பிய பள்ளமாக இருக்கட்டும். கழிவறைத் தண்ணீர் செப்டிக் டேங்குக்கு மட்டும்தான், இதில் யோசனைக்கே இடமில்லை.

மண்ணுக்கடியில் போக வேண்டியவை

இந்தப் பகுதி சின்னது, ஆனால் இதைத் தவறவிட்டவர்கள்தான் அதிகம் செலவு செய்கிறார்கள். நடைபாதையோ கார் போகும் தளமோ போடுவதற்கு முன், அதற்குக் குறுக்கே இரண்டு அங்குல பிவிசி குழாயை வெறுமனே புதைத்து, இரு முனையையும் மூடிவையுங்கள். இரண்டு மூன்று இடத்தில் போட்டால் நல்லது. பின்னாளில் சொட்டுநீர்க் குழாயோ, தோட்ட விளக்குக்கு வயரோ, கேமராவுக்குக் கேபிளோ அதன் வழியாக இழுக்கலாம். தண்ணீருக்கு ஒன்று, வயருக்கு ஒன்று என்று தனித்தனியாக.

தோட்டக் குழாய் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வேண்டும். ஒரே குழாயிலிருந்து அறுபது அடி ஹோஸை இழுத்துக்கொண்டு நடப்பது முதல் மாதம் உற்சாகமாக இருக்கும்.

மண்ணைப் பார்ப்பது

கட்டட வேலை நடந்த மனையில், சுவருக்கு நாலடி தள்ளி ஓரடி ஆழம் தோண்டிப் பாருங்கள். மேலே மூன்று அங்குலம் செம்மண், அது ஒப்பந்தக்காரர் கடைசி நாளில் நிரவிய மண். அதற்குக் கீழே உடைந்த செங்கல், டைல்ஸ் சில்லு, கட்டுக்கம்பித் துண்டு, சிமெண்ட் சாக்கின் கிழிசல், சிகரெட் அட்டை. இன்னும் கொஞ்சம் தோண்டினால் கடப்பாரை ‘டங்’ என்று நிற்கும். கலவை போட்ட இடத்தில் வழிந்த சிமெண்ட் பால் இறுகிக் கிடக்கும் சாம்பல் நிறப் பலகை அது. அதற்கு மேல் நட்ட செடி ஆறு மாதம் தளதளவென்று இருக்கும். வேர் பலகையைத் தொட்டதும் இலை மஞ்சளாகும். சிமெண்ட்டும் சுண்ணாம்பும் மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடுவதால் இரும்புச்சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாது. நரம்பு பச்சையாக, இலை மட்டும் மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் இதுதான். இட்லிப்பூச் செடிதான் இதை முதலில் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே நடப்போகும் இடத்தில் மட்டுமாவது ஒன்றரை அடி ஆழத்துக்குக் குப்பையை அள்ளி வெளியே போடுங்கள். ‘உள்ளேயே புதைச்சிரலாம் சார், கெட்டியாயிடும்’ என்று சொல்வார்கள். கார் நிற்கும் இடத்துக்கு அந்த ஆலோசனை சரி, பாத்திக்குச் சரியில்லை. கலவை போட்ட இடம் எது, கம்பி வெட்டிய இடம் எது என்று மேஸ்திரியிடம் கேட்டுத் தாளில் குறித்துவிட்டால் தேடுகிற வேலை பாதி குறையும்.

கரையான் மருந்து அடித்திருந்தால் அதையும் கேளுங்கள். அஸ்திவாரத்தை ஒட்டிய மண்ணில்தான் அந்த மருந்து இருக்கும். அந்த மண்ணைக் கிளறினால் பாதுகாப்பும் போகும், அங்கே கீரை போட்டால் மருந்தைத் தின்கிற கதையும் ஆகும். சுவரை ஒட்டி இரண்டு மூன்றடிக்கு உண்ணும் செடி எதுவும் வேண்டாம் என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்க ஓரடிக் குழி தோண்டி நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, இந்த முறை நேரம் பாருங்கள். மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்கினால் எதையும் நடலாம். மறுநாள் காலையிலும் தண்ணீர் அப்படியே நின்றால், பாத்தியை மேடாக்கித்தான் நட வேண்டும். எலுமிச்சையும் பப்பாளியும் தேங்கும் தண்ணீரைத் தாங்கவே தாங்காது.

வெளியிலிருந்து மண் வாங்குவதானால் வெறும் செம்மண்ணை மட்டும் கொட்டிவிடாதீர்கள். வெயிலில் அது தளம் மாதிரி இறுகிவிடும். இரண்டு பங்கு செம்மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய தொழு உரம், ஒரு பங்கு மணலோ மக்கிய தென்னை நார்க்கழிவோ கலந்தால் பதமாக இருக்கும். சாணி ஈரமாக நாறினால் அது இன்னும் மக்கவில்லை என்று அர்த்தம். அதைப் போட்டால் கரையானையும் வண்டுப் புழுவையும் அழைத்து வந்தது மாதிரி.

அவசரமில்லாதவர்களுக்கு இதையெல்லாம்விட மலிவான வழி ஒன்று உண்டு. குப்பை அள்ளிய மண்ணில் பசுந்தாள் உரச் செடிகளான தக்கைப்பூண்டு, சணப்பு இரண்டில் ஒன்றின் விதையைத் தூவிவிடுங்கள். 45 நாளில், பூக்கத் தொடங்கும்போது, மடக்கி மண்ணோடு வெட்டிக் கொத்திவிட வேண்டும். தக்கைப்பூண்டு காரம் ஏறிய களர் மண்ணையும் தாங்கும் என்பதால் சிமெண்ட் கலந்த மனைக்கு அதுதான் என் முதல் சிபாரிசு. விதைக்கு ஆகும் செலவு ஒரு குரோட்டன்ஸ் தொட்டி விலைகூட இராது. பக்கத்து வீட்டுக்காரர் ‘என்ன சார், காடு மாதிரி விட்டுட்டீங்க’ என்று ஒருமுறை கேட்பார். அவ்வளவுதான்.

எவ்வளவு தளம், எவ்வளவு மண்

பேவர் பிளாக்கை நான் வெறுக்கவில்லை. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கேட்டிலிருந்து வாசல் வரை தடுக்காமல், வழுக்காமல் நடக்க ஒரு சமமான பாதை கட்டாயம் வேண்டும். சக்கர நாற்காலி வரக்கூடும் என்றால் நாலடி அகலம், ஒரு சரிவுப்பாதை. அதற்கு மேல் போடுகிற ஒவ்வொரு சதுர அடிக்கும் காரணம் கேளுங்கள். சித்திரை வெயிலில் பேவர் மேல் வெறுங்காலோடு நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சூடு சாயங்காலம் முழுக்க ஜன்னல் வழியாக உள்ளே வரும்.

காருக்கு இரண்டு சக்கரத் தடம் போதும், ஒவ்வொன்றும் இரண்டடி அகலம். நடுவில் புல்லோ ஜல்லியோ இருக்கட்டும். மற்ற இடங்களில் கடப்பாக்கல்லோ கருங்கல் பலகையோ இடைவெளி விட்டுப் பதித்தால் மழைத் தண்ணீர் அப்படியே மண்ணுக்குள் இறங்கும்.

சரி, கிரகப்பிரவேசத்துக்கு என்ன செய்வது? சேறு பிரச்சினைக்குக் கால் அங்குலச் சிப்ஸ் ஜல்லியை இரண்டு அங்குல கனத்துக்குப் பரப்பிவிடுங்கள். ஷாமியானா போடலாம், நாற்காலி போடலாம், சேறு ஒட்டாது. ஒரு மழைக்காலம் முழுக்க அப்படியே இருக்கட்டும். தண்ணீர் எங்கே தேங்குகிறது, ஆட்கள் உண்மையில் எந்த வழியாக நடக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். பிறகு தளம் போடும்போது அதே சிப்ஸ் அடியில் போய்விடும், காசு வீணில்லை.

மரம்

1,350 சதுர அடி என்றால் நிறைய மரம் வைக்கலாம் என்று தோன்றும். அந்த இடம் வீட்டைச் சுற்றி நாடா மாதிரி கிடப்பதால் உண்மையில் மூன்று மரத்துக்குத்தான் இடம். நாலாவது மரம் ஐந்து வருடத்தில் மற்ற மூன்றில் ஒன்றைக் காலி செய்யும்.

முன்பக்கம் போர்டிகோ தென்கிழக்கில், சம்பு வடகிழக்கில் என்று வைத்துக்கொண்டால் நடுவில் இருபதடி கிடைக்கும். அங்கே நடுத்தர உயரமுள்ள ஒரு மரம். என்னைக் கேட்டால் பவழமல்லி, அல்லது செண்பகம். பவழமல்லியைப் படுக்கையறை ஜன்னலுக்கு நேராக வையுங்கள்; ராத்திரி வாசனை, காலையில் வாசல் முழுக்கப் பூ. பெருக்க வேண்டுமே என்று அலுத்துக்கொள்கிறவர்கள் எந்த மரமுமே வைக்காமலிருப்பது நல்லது.

பின்பக்கம், மேற்கில், பத்தடி இருக்கிறது. தென்மேற்கு மூலையில் கொய்யாவோ சப்போட்டாவோ. இரண்டுமே வெட்டிக் கட்டுக்குள் வைக்கக் கூடியவை, மேற்கு வெயிலையும் மறைக்கும். பெருநெல்லி ஒற்றையாக வைத்தால் காய்ப்பு குறைவு. இரண்டு வைக்க இடமில்லாவிட்டால் விட்டுவிடுங்கள். மா வேண்டும் என்று வீட்டில் அடம்பிடித்தால் ஒட்டுக்கன்று ஒன்றே ஒன்று, அதுவும் வருடா வருடம் அறுவடை முடிந்ததும் கவாத்து செய்து 12 அடிக்குள் நிறுத்துவேன் என்று உறுதியிருந்தால். நடும்போது ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். அதற்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாலு வருடம் கழித்து அடிக்கன்றின் புளிப்புக் காய்தான் கிடைக்கும்.

முருங்கை இல்லாத வீடா? வையுங்கள். ஆனால் ஜன்னலை விட்டுத் தள்ளி. மழைக்காலத்தில் அடிமரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி அப்பிக்கிடக்கும், அது வீட்டுக்குள் வந்தால் குழந்தைகள் உடம்பெல்லாம் தடிப்பு. கிளையும் லேசான காற்றுக்கே ஒடியும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த பி.கே.எம்.1 ரகம் விதையிலிருந்தே ஆறு ஏழு மாதத்தில் காய்க்கும். காய்ப்பு முடிந்ததும் மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டால் திரும்பத் துளிர்த்துக் கைக்கெட்டும் உயரத்தில் காய்க்கும். ஏணியும் வேண்டாம், ஒடிகிற பயமும் இல்லை.

தென்னை இந்த மனைக்கு ஏற்றதல்ல. தோப்பில் மரத்துக்கு மரம் 25 அடி விடச் சொல்வது சும்மா இல்லை. மட்டை மட்டுமே பதினைந்து அடிக்கு மேல் நீளும். சுவர் ஓரமாக வைத்த தென்னை வெளிச்சம் தேடிப் பக்கத்து வீட்டு மேல் சாயும். தேங்காய் அவர் கார் கண்ணாடியில் விழும். அப்புறம் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இருக்காது.

வேம்பு, புங்கை, மகிழம் எல்லாம் அருமையான மரங்கள். வீட்டிலிருந்து 15, 20 அடி தள்ளி இடம் இருந்தால் மட்டும். நம் மனையில் அது இல்லை. ஆல், அரசு, அத்தி வீட்டு மனைக்கே ஆகாது. பறவை எச்சத்தில் சுவர் இடுக்கில் முளைப்பதைக்கூட விரலளவு இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள். சீக்கிரம் நிழல் தரும் என்று வாசலில் நாட்டுவாதாம் வைப்பவர்கள் அதன் அகன்ற இலை கொட்டிக் கொட்டி மழைநீர்க் குழாயை அடைப்பதைக் கணக்கில் எடுப்பதில்லை.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது தெருத்தெருவாகச் சாய்ந்ததில் குல்மோகரும் தூங்குமூஞ்சியும் நிறைய. வேகமாக வளர்ந்து, அகலமாக விரிந்து, கட்டை லேசாக இருக்கும் மரம் புயலுக்கு நிற்காது. நகரத்தில் வேருக்குச் சுற்றிலும் சிமெண்ட் பூசிவிட்டால் எந்த மரமும் நிற்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடற்கரை ஊர்களில் புன்னையும் பூவரசும் உப்புக் காற்றை நன்றாகத் தாங்கும். ‘வேலிக்கு அருமையா இருக்கும் சார், தண்ணியே வேண்டாம்’ என்று நர்சரியில் கோனோகார்பஸ் காட்டினால் வாங்காதீர்கள். குழாய்களுக்குள் வேர் விடுவது, மகரந்தத்தால் ஒவ்வாமை என்று புகார்கள் வந்து குஜராத்திலும் தமிழ்நாட்டிலும் அரசே அதற்குத் தடை போட்டிருக்கிறது.

கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். சின்னப் பையில் ஆளுயரக் கன்று என்றால் வேர் உள்ளே சுருண்டு கிடக்கும். இரண்டடிக் கன்றாக, தண்டு பென்சிலைவிடத் தடிப்பாக இருந்தால் போதும். அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகளில் ரகம் நம்பிக்கையாக இருக்கும், விலையும் குறைவு. குழி இரண்டடிக்கு இரண்டடிக்கு இரண்டடி; மாவுக்கு மூன்றடி. பையைக் கிழித்து எடுத்துவிட்டுத்தான் நட வேண்டும். இதை எழுத வேண்டியிருக்கிறதே என்று தோன்றும், ஆனால் பையோடு புதைத்த கன்றுகள் ஊரெல்லாம் இருக்கின்றன.

செடி, கொடி, புல்

இங்கே உங்கள் ரசனைப்படி போகலாம், தவறினாலும் பிடுங்கி மாற்றிவிடலாம். வடக்குச் சந்தில் வெற்றிலை, கற்பூரவல்லி, மணி பிளாண்ட். தெற்குச் சந்து நாலடிதான், ஆள் நடக்க விட்டுவிட்டுக் காம்பவுண்ட் மேல் சங்குப்பூ ஏற்றலாம். ஏசியின் வெளி யூனிட் எந்தப் பக்கம் காற்று தள்ளுகிறதோ அங்கே எதுவும் பிழைக்காது. கறிவேப்பிலையைக் கொல்லைப்புறத்தில் ஓர் ஓரமாக வைத்து அதன் அடியில் கொத்தாமல் விடுங்கள். வேர் வெட்டுப்பட்ட இடத்திலெல்லாம் பக்கக்கன்று கிளம்பும். அரளி அழகுதான், தண்ணீரும் கேட்காது, ஆனால் முழுச் செடியும் விஷம். வாயில் எதையும் வைக்கும் வயதில் குழந்தை இருந்தால் சில வருடம் பொறுக்கலாம். அதற்குப் பதில் செம்பருத்தி இருக்கிறது.

புல்தரை பற்றி எனக்குக் கொஞ்சம் காட்டமான அபிப்பிராயம் உண்டு. 500 சதுர அடிப் புல்தரை கோடையில் நாளுக்கு 200 லிட்டருக்கு மேல் குடிக்கும். மேயில் லாரித் தண்ணீர் வாங்கும் ஊரில் அது நியாயமில்லை. குழந்தைகள் உருள ஒரு நூறு சதுர அடி போதும். மற்ற இடத்துக்குப் பொடுதலை இருக்கிறது. வயல் வரப்பில் தானாகப் படரும் மூலிகை, மிதித்தாலும் தாங்கும், சின்னப் பூ பூக்கும், பட்டாம்பூச்சி வரும். தேனீயும் வரும் என்பதால் வெறுங்காலோடு நடக்கும் வழியில் மட்டும் வேண்டாம்.

தொட்டி வைத்தால் அடித்தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். டெங்கு கொசு சாக்கடையில் அல்ல, அந்த மாதிரி நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

எப்போது, யாரை வைத்து

தையில் குடிபுகுந்தால் கணக்கு சுலபம். மாசி, பங்குனியில் குப்பை அள்ளி, வாட்டம் சரிசெய்து, குழாய் புதைத்துவிடலாம். கோடை மழையைப் பிடித்துத் தக்கைப்பூண்டு தூவலாம், மழை ஏமாற்றினால் ஆடியில். மடக்கிக் கொத்திய மண்ணை மூன்று வாரம் விட்டு, ஆவணி, புரட்டாசியில் மரக்கன்று. ஐப்பசி மழை வேர் பிடிக்க வைத்துவிடும். மழை முழுக்கத் தண்ணீர் போக்கைப் பார்த்துவிட்டு அடுத்த தையில் நிரந்தரத் தளம். ஆவணியில் குடிபுகுகிறவர்கள் அந்த வருடம் மரக்கன்று இருக்கும் குழிகளை மட்டும் நன்றாகத் தயார் செய்து நட்டுவிட்டு, மற்றதை அடுத்த வருடத்துக்குத் தள்ளலாம்.

லேண்ட்ஸ்கேப் செய்கிறவரிடம் கொடுப்பதானால் ‘மொத்தமா இவ்வளவு’ என்று பேசாதீர்கள். மண் வேலை, குழாய் வேலை, தளம், கன்று, பராமரிப்பு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கன்றுகளின் பெயரும் எண்ணிக்கையும் அதில் இருக்க வேண்டும். ‘அலங்காரச் செடிகள்’ என்று ஒரே வரியில் முடித்திருந்தால் நர்சரியில் அன்றைக்கு எது மிச்சமோ அது வரும். மூன்று மாதத்துக்குள் பட்டுப்போன கன்றுக்கு மாற்றுக் கன்று யார் தருவது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். தண்ணீர் ஓட்டத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் படத்தை மட்டும் காட்டுகிறவரை நான் வைத்துக்கொள்ள மாட்டேன்.

நட்ட பிறகு முதல் கோடைதான் சோதனை. தினமும் ஒரு குவளை ஊற்றுவதைவிட வாரம் இரண்டு முறை இரண்டு வாளி ஊற்றுவது நல்லது, வேர் கீழே தேடிப் போகும். தண்டைச் சுற்றி அரையடி விட்டு, அதற்கு வெளியே வட்டமாகப் பாத்தி கட்டி, காய்ந்த இலையால் மூடிவிடுங்கள். முட்டுக்கொம்பை ஒரு வருடத்துக்கு மேல் விடவேண்டாம். கட்டிய கயிறு தண்டை இறுக்குகிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்துத் தளர்த்திக் கட்டுங்கள்.